ஐந்தை அழுத்தினால் ஐந்து

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கம்பெனிக்கு வந்த டீலர் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து ஃப்ரிட்ஜ் மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. இன்றைக்கு எடுத்துத் துடைத்தேன். இனி படித்ததை இதில் எழுதி வைப்பதாக முடிவு. எழுதாத நாள் படிக்காத நாள், அவ்வளவுதான்.

விஷயம் இது. இருபத்து நாலு வருஷமாக என் டிப்ளமோ ஒரே ஒரு பேப்பரில் தொங்குகிறது. ஏ.சி. சர்க்யூட். இரண்டு தடவை எழுதினேன், மூன்றாவது தடவைக்குள் கல்யாணம் வந்துவிட்டது. இப்போது பழைய அரியர்காரர்களுக்கெல்லாம் நவம்பரில் கடைசி வாய்ப்பு, அதற்கப்புறம் கதவைச் சாத்திவிடுவோம் என்று அறிவித்திருக்கிறார்கள். எங்கள் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பெஞ்ச் பார்க்கும் குப்புராஜ் அண்ணன் டிசம்பரோடு ரிட்டையர் ஆகிறார். அந்த இடத்துக்கு டிப்ளமோ இருக்க வேண்டும்.

"சர்டிஃபிகேட்டக் கொண்டாங்க வாணிம்மா, மத்தத நான் பேசிக்கறனுங்க. இல்லீன்னா வெளியாளத்தான் எடுப்பாங்க" என்றார் சூப்பர்வைசர் ஜெயபால் சார்.

பத்தொன்பது வருஷமாக ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து மோட்டாருக்குள் காயில் இறக்கி அலுத்துவிட்டது. அதனால்தான் கேட்டேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

படிக்கும் காலத்துக் கால்குலேட்டர் பிஸ்கட் டப்பாவில் இருந்தது. செல் மாற்றியதும் உயிர் வந்துவிட்டது, கெட்டி ஆயுசு. ஐந்தாம் நம்பர் பட்டன் மட்டும் போய்விட்டது. ஐந்து என்று அழுத்தினால் ஐம்பத்தைந்து என்று காட்டுகிறது.

ஆகஸ்ட் 9

இன்று எட்டாம் நம்பரும் போய்விட்டது. இரண்டை அழுத்தினால் ஐந்து வருகிறது. இரண்டுக்கு நேர் மேலே ஐந்து. பட்டன்கள் ஒன்றோடொன்று சம்பந்தம் பண்ணிக்கொண்டது போலிருக்கிறது.

"ஏம்மிணி, அதையப் போட்டு அந்தக் குத்து குத்தற? மெல்லத் தொடு" என்றார் இவர். வீட்டுக்காரர் சின்னராசு, டெம்போ ஓட்டுகிறார். கோபமே வராத மனுஷன். அதைப் பார்த்து எனக்குத்தான் கோபம் வரும்.

"பட்டன் செத்துப் போச்சுங். பாட்டுப் பாடி எழுப்பவா?" என்றேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். காலையில் டீ போடுவது இவர் வேலை, நான் சாப்பாடு கட்டுவேன். ஒரு மாதமாக எனக்கு அரை டம்ளர்தான் ஊற்றுகிறார். கேட்டால் "இன்னொருக்கா ஊத்திக்கலாம்" என்கிறார். பால் விலை ஏறினால் கட்டின பெண்டாட்டிக்கா அளவு போடுவது? கஞ்சம்!

ஆகஸ்ட் 13, ஞாயிறு

காந்திபுரத்தில் புதுக் கால்குலேட்டர் வாங்கியாயிற்று. சைன், டேன் எல்லாம் உள்ள பெரியது. மூடி போட்டு மூடுகிறது, பார்க்க லட்சணமாக இருக்கிறது.

வந்த சூட்டில் 30 அழுத்தி, சைன் அழுத்தி, சமம் அழுத்தினேன். அரை என்று வர வேண்டும். 'சின்டாக்ஸ் எரர்' என்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி எரர். என் வாயில் வந்ததை டைரியில் எழுத முடியாது.

ஆகஸ்ட் 14

பிடித்துவிட்டேன். பழையதில் நம்பரை முதலில் கொடுத்துவிட்டு சைனை அழுத்த வேண்டும். புதுசில் தாளில் எழுதுகிற வரிசையிலேயே, முதலில் சைன், பிறகு முப்பது, பிறகு சமம். உலகம் தலைகீழாகி இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது, எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. அரை வந்தது. வந்த சந்தோஷத்தில் இவருக்கு ஒரு முட்டை கூடப் போட்டேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இன்று முழுக்க கெப்பாசிட்டர். பத்தொன்பது வருஷமாக அதைக் கண்ணால் பார்க்கிறேன், ஒவ்வொரு மோட்டாரின் முதுகிலும் ஒன்று உட்கார்ந்திருக்கும். இருபது மைக்ரோ ஃபேரட். தாளில் எழுதும்போது இருபது பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் ஆறு.

நான் 20, பெருக்கல், 10, எக்ஸ்ப், மைனஸ் 6 என்று அழுத்தினேன். ஐம்பது சைக்கிளுக்குப் பதினைந்து புள்ளி ஒன்பது ஓம் வந்தது. புத்தகத்தில் நூற்று ஐம்பத்தொன்பது. பத்து மடங்கு எங்கே போயிற்று? இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தபின் விளங்கியது. எக்ஸ்ப் என்ற பட்டனுக்குள்ளேயே பெருக்கலும் அந்தப் பத்தும் உட்கார்ந்திருக்கிறது. நான் வேறு வெளியிலிருந்து இன்னொரு பத்தைக் கூட்டி வந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு ஒரு மாப்பிள்ளை போதாதா?

20, எக்ஸ்ப், மைனஸ், 6. அந்த மைனஸும் அடைப்புக்குறிக்குள் இருக்கிற மைனஸ். மொத்தத்தையும் முடித்துவிட்டு எக்ஸுக்கு மேலே மைனஸ் ஒன்று போட்ட பட்டனை அழுத்தினால் தலைகீழாக்கிக் கொடுத்துவிடும். 159.15. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

மூன்றில் ஒரு தடவை 14.47 வந்தது. ஐம்பது, ஐந்நூற்று ஐம்பது ஆகிவிட்டது. புதுக் கால்குலேட்டரிலும் ஐந்தாம் பட்டன் சரியில்லை.

ஆகஸ்ட் 22

கடைக்குப் போய்க் கேட்டேவிட்டேன். கடைக்காரப் பையன் ஐந்தை வரிசையாக அழுத்திக் காட்டினான். அழுத்தினதற்கு ஒன்றாகப் பல் வரிசை மாதிரி வந்து நின்றது.

"நல்லாத்தானுங்கக்கா இருக்குது."

"நீ அழுத்துனா மட்டும் யோக்கியமா இருக்குது" என்றேன். அவன் என்னை அழுத்திப் பார்க்கச் சொன்னான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 5

இந்தத் தடவை வந்த வயர் மகா மட்டம். மேல்பூச்சு எனாமல் உரிகிறது. எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு: மோட்டாரின் ஸ்டேட்டர் என்கிற இரும்புக் கூட்டுக்குள் சுற்றிலும் காடி காடியாக ஸ்லாட் இருக்கும். சுற்றின காயிலை அதற்குள் விரலாலேயே இறக்க வேண்டும். ஸ்லாட்டின் விளிம்பில் வயர் உரசினால் எனாமல் போய்விடும், மோட்டார் டெஸ்டிங்கில் ஷார்ட் அடிக்கும். அப்படி அடித்தால் சிவப்பு அட்டை கட்டித் திருப்பி அனுப்புவார்கள். அட்டையில் காரணம் எழுத ஓர் இடம் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் 'வயர் சரியில்லை' என்று எழுதிவிடுவோம்.

ஜூலையில் எனக்கு நிறையச் சிவப்பு அட்டை வந்தது. இப்போது குறைந்துவிட்டது. வயர் மட்டமாக இருந்தும் குறைந்திருக்கிறது என்றால் என் கைத்திறமை என்றுதானே அர்த்தம்?

பக்கத்து ஸ்டூல் கமருன்னிசாவிடம் கால்குலேட்டர் கதையைச் சொன்னேன். கமரு நான் சேர்ந்த வாரமே சேர்ந்தவள்.

"பழசும் சரியில்ல, புதுசும் சரியில்ல, வயரும் சரியில்ல. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "உன்ற வேலையப் பார்த்துட்டுப் போடி" என்றேன். மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தேன். அவள் பின்னாலேயே வந்து என் தட்டில் கறிவேப்பிலைத் துவையலை வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். சாயங்காலம் எல்லோரும் கிளம்பினபிறகும் அவள் கிளம்பவில்லை. சுத்தம் பண்ணுகிறாளாம். ஓவர்டைம் ஆசை.

செப்டம்பர் 12

படித்தேன். ரீஃபில் சரியில்லை, எழுத்து நெளிகிறது.

செப்டம்பர் 24, ஞாயிறு

எட்டு ஓம் ரெசிஸ்டன்ஸ், ஆறு ஓம் ரியாக்டன்ஸ். இம்பீடன்ஸ் பத்து, இது வாய்க்கணக்கு. கோணம்தான் வேண்டும். ஷிஃப்ட் அழுத்தி டேன் அழுத்தினால் டேன் இன்வர்ஸ். அதற்குள் ஆறு வகுத்தல் எட்டு. முப்பத்தாறு புள்ளி எண்பத்தேழு வர வேண்டும். 0.6435 வருகிறது!

காலையிலிருந்து மத்தியானம் வரை மல்லுக்கட்டினேன். குழம்பு அடிப்பிடித்தது. கடைசியில் பார்த்தால் திரையின் மேலே ஓரத்தில் எறும்பு மாதிரி ஒரு 'ஆர்'. 'டி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்'. டிகிரிக்குப் பதில் ரேடியனில் உட்கார்ந்துகொண்டு இருக்கிறது. ஷிஃப்ட், மோட், மூன்று என்று அழுத்த வேண்டியதை யாரோ நான்கு என்று அழுத்தியிருக்கிறார்கள்.

"கால்குலேட்டரத் தொட்டீங்களா?" என்று இவரைக் கேட்டேன்.

"துணியால தொடச்சேன், அவ்வளவுதான்" என்றார்.

இவர் துடைத்திருக்கிறார், மாறிவிட்டிருக்கிறது. இனி உட்கார்ந்ததும் முதலில் அந்த எறும்பைப் பார்ப்பது என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

பெரியப்பா பையன் புது வீட்டுக்குக் குடி போனார். பந்தியில் பாயசம் பரிமாறச் சொன்னார்கள். கால் வலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கால் வலி கிடையாது.

அப்பா ஞாபகம் வந்தது. அப்பாவுக்குக் கை ஆடும். எந்த விசேஷத்திலும் அவர் டம்ளரைத் தொட மாட்டார். தொட்டால் சட்டையெல்லாம் காபி. ஊரே அவரைக் குடிகாரர் என்றது. எங்கப்பா சாராயத்தை மோந்துகூடப் பார்த்தது இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி 'உங்கப்பன் காலையிலேயே போட்டுட்டானா' என்று கேட்டாள், அவள் மண்டையில் ஜியாமெட்ரி பாக்ஸால் அடித்தேன். அதற்கு ஹெட்மிஸ் என்னைத்தான் முட்டி போட வைத்தார்.

இதை எதற்கு இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. படிப்புக் கணக்குக்குத்தான் இந்த டைரி.

அக்டோபர் 9

நேரமில்லை. ஆர்டர் அதிகம்.

அக்டோபர் 23

கம்பெனியில் ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஸ்பேனர், கட்டிங் பிளேயர், மல்லட் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தோம். நானும் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து நடுவில் வைத்தேன். இப்போது அதுதானே எனக்கு ஆயுதம்? ஜெயபால் சார் சிரித்தார். கமருதான் "அதுக்கும் பொட்டு வைங்க சார், பரீட்சைக்குப் போவுது" என்றாள். நடுப் பட்டனில் பெரிய பொட்டாக வைத்துவிட்டார்கள். நடுப் பட்டன் எது? ஐந்து.

அக்டோபர் 24

குங்குமம் உள்ளே போய்விட்டது. ஐந்தும் ஆறும் சேர்ந்து விழுகிறது. சாமி காரியம், ஒன்றும் சொல்ல முடியாது. ஊதிவிட்டேன், பிரஷ் போட்டுத் தட்டினேன்.

அக்டோபர் 28

மணி பார்த்து மூன்று மணி நேரம் பழைய கேள்வித்தாள் ஒன்றை எழுதினேன். வழிமுறை எல்லாம் சரி. சூத்திரம் சரி. விடை ஒன்றுகூடச் சரியில்லை. ஒரு கணக்கை மூன்று தடவை அழுத்தினால் மூன்று விடை வருகிறது. எது சரி என்று எனக்கே தெரியவில்லை. டெல் பட்டனை அழுத்தி ஒரு நம்பரை அழித்தால் இரண்டு நம்பர் அழிகிறது. ஏ.சி. பட்டனால் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தால் பாதியில் அடைப்புக்குறி இரண்டாகிவிடுகிறது.

அழுதேன். இவர் பார்க்கவில்லை. பார்த்தாரோ என்னவோ, கடைக்குப் போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தார்.

இது இல்லாவிட்டால் அந்தப் பெஞ்ச் இல்லை. பெஞ்ச் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை நாளைக்கு அந்த ஸ்டூலில் என்னை வைத்திருப்பார்கள்? எழுதிவிட்டேன், இந்த வரியை அடிக்கப் போவதில்லை. ஆனால் எழுதாமல் விட மாட்டேன் இந்தப் பரீட்சையை. செத்தாலும் விட மாட்டேன்.

அக்டோபர் 31

இன்று வேலையில் ஒன்று கண்டேன். ஸ்லாட்டுக்குள் வயரை இறக்குமுன் உள்ளே ஒரு தடித்த பேப்பரை மடித்துச் சொருகுவோம், இரும்பு வயரைத் தொடாமல் இருப்பதற்கு. இன்சுலேஷன் பேப்பர். வழக்கமாக விளிம்பு மட்டத்துக்கு வெட்டுவேன். இன்று அவசரத்தில் கொஞ்சம் உயரமாக வெட்டிவிட்டேன். ஸ்லாட்டின் இரண்டு பக்கமும் சின்னச் சுவர் மாதிரி நின்றது. காயிலைக் கொண்டுபோனால் வயர் அந்தச் சுவரில் சாய்ந்து தானாகவே உள்ளே இறங்குகிறது. விரல் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், வயர் இறங்கும் இடம் ஒன்றுதான்.

மத்தியானச் சோறு இறங்கவில்லை. அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

கழிவுக் கூடையில் கிடந்த இன்சுலேஷன் பேப்பரை ஜெயபால் சாரிடம் கேட்டு வாங்கி வந்தேன். கால்குலேட்டர் முகத்தின் மேல் வைத்து வரைந்தேன். பட்டனுக்கு ஒரு ஓட்டை. பிளேடு பிடிக்கும் வேலையை மட்டும் இவரிடம் கொடுத்தேன்.

"நீயே நல்லா வெட்டுவியே" என்றார்.

"இன்னிக்கு உங்க முறை" என்றேன். நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொன்றாக வெட்டினார். நாலு தாளை வார்னிஷ் தடவி ஒன்றாக ஒட்டி, அம்மிக்கல்லை மேலே தூக்கி வைத்துக் காயவிட்டோம். வீடெல்லாம் மோட்டார் வாசம்.

நவம்பர் 6

அட்டையைக் கால்குலேட்டர் மேல் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டினேன். உள்ளங்கையை அட்டைமேல் ஊன்றிக்கொள்ளலாம். பேனாவின் பின்பக்கத்தை ஓட்டைக்குள் விட்டு அழுத்தினால் பக்கத்துப் பட்டனுக்குப் போக வழியில்லை. ஊன்றின கை ஒரே அழுத்தாக அழுத்துகிறது, இரட்டையாக விழுவதும் நின்றுவிட்டது. பட்டனுக்கு மேலே சின்ன எழுத்தில் உள்ளதையெல்லாம் அட்டை மறைத்துவிட்டது. பரவாயில்லை. எது எங்கே என்று விரலுக்கே தெரியும்.

2, பெருக்கல், பை, பெருக்கல், 50, பெருக்கல், 20, எக்ஸ்ப், மைனஸ், 6, சமம், தலைகீழ், சமம். 159.15. மறுபடி 159.15. மறுபடியும் அதே. நான் போட்ட சத்தத்தில் இவர் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார்.

நவம்பர் 12

தீபாவளி. இவர் முறுக்குப் பிழிந்தார், நான் மூன்று ஃபேஸ் கணக்குகளைப் பிழிந்தேன். முறுக்கைவிடக் கணக்கு நன்றாக வந்தது. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் என்னை விடவே இல்லை, ரொம்பத்தான் பண்ணுகிறார்.

நவம்பர் 20

நாளைக்கு. ஹால் டிக்கெட், இரண்டு பேனா, கால்குலேட்டர், அட்டை. உட்கார்ந்ததும் எறும்பைப் பார்.

நவம்பர் 21

கை ஓயவில்லை, ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஹாலில் பாதிப் பேர் மூக்குக் கண்ணாடி. எனக்கு முன்னால் உட்கார்ந்த வழுக்கைத் தலைக்காரர் பேரப்பிள்ளை படத்தைப் பர்ஸில் பார்த்துக் கும்பிட்டார். கண்காணிக்க வந்த மேடம் சின்னப் பெண். அவளுக்கும் என் அரியருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு இருக்கும். கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கால்குலேட்டராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் மேஜையில் நின்றுவிட்டாள்.

"இதென்னங்கம்மா மேல?"

"அட்டைங்க."

"எடுத்துடுங்க. எதுவும் மாட்டியிருக்கக் கூடாது."

கழற்றிக் கொடுத்தேன். முன்னே பின்னே திருப்பினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று. ஒரு புள்ளிகூட இல்லை. "எதுக்குங்கம்மா இது?" என்றாள்.

பட்டன் லூசு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன செய்வாள்? 'அப்போ வேற கால்குலேட்டர் தர்றேன்' என்பாள். தந்தால் அதிலும் ஐந்து ஐம்பத்தைந்தாகும். குங்குமம் உள்ளே போய்விட்டது என்றாலும் அதேதான். பழசு, மட்டம், சரியில்லை, நாலு மாதமாகக் கைவசம் வைத்திருந்த ஒரு சாக்கும் அந்த இடத்தில் உதவவில்லை. உண்மை ஒன்றுதான் அந்த அட்டையைத் திருப்பிக் கொண்டுவரும்.

"எனக்குக் கை நடுங்குதுங்க மேடம்" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. வழுக்கைத் தலைக்காரர் திரும்பிப் பார்த்தார். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. அந்தப் பெண் என் கையைப் பார்த்தாள். மேஜைமேல் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மடியில் ஒளிக்க வேண்டும் என்று தோன்றவில்லை, அங்கேயே விட்டேன்.

"இருங்க, சீஃப்கிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று இன்னொருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு அட்டையோடு போனாள். கேள்வித்தாள் வந்துவிட்டது. அவள் வரும் வரை சும்மா உட்கார எனக்கென்ன பைத்தியமா? கணக்கில்லாத கேள்விகளை எழுத ஆரம்பித்தேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். இரண்டு பக்கம் முடிந்தபோது திரும்பி வந்தாள்.

"வெச்சுக்கோங்கம்மா. முன்னாடியே எழுதிக் குடுத்திருந்தா எக்ஸ்ட்ரா டைம்கூடக் கேட்டிருக்கலாம். அடுத்த தடவ அப்படிச் செய்ங்க."

"அடுத்த தடவயெல்லாம் இல்லீங்க கண்ணு. இதோட சரி" என்றேன். சிரித்தாள். ரப்பர் பேண்டை அவளே மாட்டிவிட்டாள்.

முதலில் எறும்பைப் பார்த்தேன். 'டி'. கெப்பாசிட்டர் கணக்கு வந்திருந்தது, நாற்பது மைக்ரோ ஃபேரட். ஒவ்வொரு கணக்கையும் இரண்டு தடவை அழுத்தினேன். இரண்டு தடவையும் ஒரே விடை.

வெளியே வந்தால் இவர் டெம்போவோடு நிற்கிறார். லோடு இருக்கிறது, வர மாட்டேன் என்று சொன்ன மனுஷன். பேக்கரியில் டீ வாங்கிக் கொடுத்தார். கண்ணாடி கிளாஸில், பாதி அளவு. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாலைந்து மாதமாக எனக்கு அரை டம்ளராகவே வந்துகொண்டிருப்பது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. கஞ்சம் என்று எழுதினேனே, பாவி நான்!

"உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?"

"சித்திரைல இருந்து. நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

ரோடென்றும் பார்க்காமல் அழுதேன். அவர் கிளாஸை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

நவம்பர் 23

கமருவிடம் முதல் ஆளாகச் சொல்லிவிடலாம் என்று டீ நேரத்தில் கூப்பிட்டேன். எனக்குக் கை நடுங்குகிறது என்றேன். அவள் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"ஆகஸ்ட்டு மாசம் இருந்து சாயங்காலம் உக்காந்து யாரு காயில நான் சரிபண்றேன்னு நெனச்ச?" என்றாள்.

ஓவர்டைம் இல்லையாம். என் ஸ்டேட்டர்களைத் தினமும் எடுத்துப் பார்த்து, உரிந்த வயரை மாற்றி, அதன்பிறகுதான் டெஸ்டிங்குக்கு அனுப்பியிருக்கிறாள். என் கைத்திறமை என்று நான் டைரியில் எழுதியது அவளுடைய கைத்திறமை. வெட்கத்தில் உடம்பு கூசிவிட்டது.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி?"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறச்சவ நீ. நீ சொன்னியா, நான் சொல்றதுக்கு?"

இனிமேல் என் காயிலைத் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அப்புறம் அவள் தட்டில் இருந்த வடையை எடுத்துத் தின்றேன். பிறகு ஜெயபால் சாரிடம் போனேன். கை விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"பெஞ்சுல நாபைத் திருகி மீட்டர் வெக்கோணுமே வாணிம்மா."

"அதுக்கும் ஒரு அட்டை வெட்டிக்கறனுங்க சார். ரிசல்ட் வந்ததும் உக்கார வெச்சுப் பாருங்க. சரியில்லீன்னா எந்திரிச்சுக்கறேன்."

பார்க்கலாம் என்றார்.

நவம்பர் 27

டாக்டர் கையை நீட்டச் சொன்னார், தாளில் சுருள் போடச் சொன்னார், அப்பாவைப் பற்றிக் கேட்டார். பரம்பரையாக வரும் நடுக்கமாக இருக்கலாம், டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம், மாத்திரையில் கொஞ்சம் அடங்கும், முழுசாகப் போகாது என்றார். அப்பாவை யாராவது ஒரு தடவை இப்படி உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம்.

டிசம்பர் 26

பாஸ்!!

ஜெயபால் சார் போனில் பார்த்துச் சொன்னார். நம்பாமல் என் ரிஜிஸ்டர் நம்பரை மறுபடி அடிக்கச் சொன்னேன். இவர் இரண்டு கிலோ மைசூர்பாகு வாங்கிவந்து தெருவெல்லாம் கொடுத்தார். எனக்கே மிஞ்சவில்லை.

டிசம்பர் 30

ஜனவரி ஒன்றிலிருந்து பெஞ்ச் என் பொறுப்பு. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் பண்ணுவார்களாம். பண்ணுவார்கள்.

இன்று குப்புராஜ் அண்ணன் பக்கத்தில் நிற்க நானே டெஸ்ட் செய்தேன். நாபைச் சுற்றி என் புது அட்டை. மீட்டர் பார்த்து, கால்குலேட்டரில் அழுத்தி, பவர் ஃபேக்டர் கணக்குப் போட்டேன். ஐந்தை அழுத்தினால் ஐந்து வந்தது. நாலைந்து மோட்டார் நல்லபடியாகப் போயிற்று.

அடுத்து வந்த ஸ்டேட்டரில், காயில் இறக்கினவர் நம்பர் இருக்கும் இடத்தில் என் நம்பர். முந்தாநாள் நான் ஸ்டூலில் உட்கார்ந்து கடைசியாக இறக்கியது. கமரு சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். இன்சுலேஷன் டெஸ்டில் முள் எழவே இல்லை. ஷார்ட்.

கமரு ஓரமாக வந்து நின்றாள். "உன்றதுடி அது. அக்கட்டால தள்ளி வை, நான் பாத்துக்கறேன்" என்று காதோடு சொன்னாள்.

"என்றதுன்னு தெரியும். அதனாலதான் தள்ளி வெக்க முடியாது" என்றேன்.

சிவப்பு அட்டையை எடுத்தேன். காரணம் எழுதும் இடத்தில் 'கை நடுக்கம்' என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல்தான். படிக்க முடிகிறது.